மட்டக்குதிரை வாங்கலாமா? மாசச் செலவு, பொறுப்பு பத்தி அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

#1 தோப்புக்காரர் (பொள்ளாச்சி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆடி மாசம் குடும்பத்தோட அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குப் போயிருந்தோம். குதிரைச் சந்தையில பெரிய பெரிய மார்வாரி, கத்தியவாரிக் குதிரைங்க நின்னுது. எம் பொண்ணு அது எதையும் திரும்பிப் பார்க்கல. ஒரு வேப்ப மரத்தடியில பழுப்பு நிறத்துல சின்னதா ஒண்ணு கட்டியிருந்தாங்க, அதுக்கிட்டயே உக்காந்துக்கிட்டா. முதுகு உயரம் 30 அங்குலம் இருக்கும், என் இடுப்புக்கும் கீழ. "இது மினியேச்சர் ரகமுங்க, இனி வளராது. நாய் வளர்க்கிற மாதிரி வாசல்லயே வச்சுக்கலாம்"னு வியாபாரி சொன்னார். 65,000 சொல்லி 50,000 வரைக்கும் இறங்கி வந்தார். யோசிச்சுச் சொல்றேன்னு நம்பர் வாங்கிட்டு வந்திருக்கேன்.

எனக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பு. ரெண்டு கறவை மாடு இருக்கு, கோ-4 புல்லு போட்டிருக்கேன், கொட்டகையில ஒரு மாடு கட்டுற இடம் காலியா இருக்கு. தீவனத்துக்குப் பஞ்சமில்ல. பாப்பாவுக்கு 9 வயசு, எடை 28 கிலோ. தோப்புக்குள்ள ஏறிச் சுத்தணும்னு ஆசை.

வீட்டுல அம்மிணி, "யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதையாகப் போகுது, முதல்ல விசாரிங்க"ன்னு சொல்றாங்க. அவங்க சொல்றதும் நியாயமாப் படுது. மாசம் என்ன செலவாகும்? மாட்டோட சேர்த்தே பார்த்துக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்க. குட்டி போட்டோ ரெண்டு போட்டிருக்கேன், ஒண்ணுல பாப்பா உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிறா.

#2 கோபிக்காரன் (கோபிசெட்டிபாளையம்)

வணக்கமுங்க. நான் 11 வருசமா ரெண்டு மட்டக்குதிரை வச்சிருக்கேன். உங்க பாப்பா உதட்டைத் தூக்கின அந்த போட்டோதான் இங்க முக்கியம். அதைப் பெருசு பண்ணிப் பாருங்க. முன்னாடி மேல நாலு பல்லுதான் தெரியுது. ஓரத்துல ரெண்டு பல்லு இன்னும் வரவே இல்ல.

எங்க பக்கம் பழைய ஆளுங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க: எட்டு நாள், எட்டு வாரம், எட்டு மாசம். குட்டி பொறந்து எட்டு நாளுக்குள்ள நடுப்பல்லு, எட்டு வாரத்துல அடுத்த ஜோடி, எட்டு மாசம் வாக்குல ஓரப்பல்லு. ஓரப்பல்லு இல்லைன்னா அது எட்டு மாசம் ஆகாத குட்டி. அதோட பிடரி மயிரைப் பாருங்க, பிரஷ் மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது, மடிஞ்சு விழல. வாலும் பஞ்சு மாதிரி சுருட்டையா இருக்கு. காலு உடம்புக்குப் பொருந்தாம நீளமா இருக்கு. எனக்குத் தெரிஞ்சு மூணு நாலு மாசக் குட்டி. தாய்ப்பால் மறக்குற வயசுகூட இப்பத்தான் ஆரம்பம்.

அது இனியும் ஒரு ஜாண் வளரும். 38, 40 அங்குலத்துக்கு வந்து நிக்கும். நம்ம நாட்டு மட்டக்குதிரைதான், மோசமான சரக்கில்ல. ஆனா "மினியேச்சர்"னு பேர் வச்சுத்தான் அந்த 50,000. நான் சந்தைக்குப் போற இத்தனை வருசத்துல மினியேச்சர்னு காட்டுனதுல பாதிக்கு மேல குட்டிங்கதான்.

குட்டி வாங்குறதுல இன்னொரு சங்கடம். தாயை விட்டுப் பிரிஞ்ச குட்டி தனியா நின்னா ராத்திரி முழுக்கக் கத்தும். குதிரை கூட்டத்துல வாழுற ஜீவன். ஒண்ணுன்னு எப்பவும் வாங்காதீங்க. நான் முதல்ல ஒண்ணுதான் வாங்கினேன். ஆறு மாசம் அது வேலிப்பக்கமே நடந்து நடந்து மண்ணுல பாத்தி மாதிரி பள்ளம் விழுந்துபோச்சு. ரெண்டாவது வந்த அன்னிக்குத்தான் படுத்துத் தூங்கினதைப் பார்த்தேன். மாடு, ஆடு துணைக்கு இருந்தா ஒண்ணுமில்லாததுக்குப் பரவால்ல. ஆனா இன்னொரு குதிரை கழுத்தைச் சொறிஞ்சு விடுற மாதிரி ஆடு சொறிஞ்சு விடாது.

என் செலவைச் சொல்றேன், ரெண்டு குதிரைக்கும் சேர்த்து. காஞ்ச புல்லும் பச்சைப் புல்லும் மாசம் 4,500 பக்கம் (நான் வெளியில வாங்குறேன்). கொள்ளு, உப்புக்கட்டி, தாது உப்புக்கு 900. குளம்பு சீவுற லாடக்காரர் ஏழு வாரத்துக்கு ஒருக்கா வர்றார், ரெண்டுக்கும் வண்டி பெட்ரோலோட 1,400 குடுக்கிறேன். தடுப்பூசி, குடல்புழு, பல்லு ராவுறது எல்லாம் சேர்த்து வருசத்துக்கு 15,000 ஒதுக்கி வைக்கிறேன். ஆக, நல்லா இருக்கிற மாசத்துலயே ஏழாயிரத்து ஐநூறுக்குக் குறையாது. போன ஐப்பசியில ஒண்ணுக்கு வயித்துவலி வந்துச்சு. ஒரே ராத்திரியில டாக்டர், மருந்து, வண்டின்னு 22,000 போச்சு. வேலிக்கும் கொட்டகைக்கும் முதல்லயே ஒண்ணே முக்கால் லட்சம் ஆனதை இதுல சேர்க்கல.

வாங்குற விலைதான் இதுல சின்ன செலவுங்க.

#3 மாட்டு டாக்டரம்மா (நாமக்கல் மாவட்டம்)

கோபி அண்ணன் பல்லைப் பத்திச் சொன்னது சரி. நான் கால்நடை மருத்துவர். தோப்புக்காரர் "தீவனத்துக்குப் பஞ்சமில்ல"ன்னு எழுதின இடத்துலதான் எனக்குக் கவலை. மாட்டுக்கு இருக்கிற தீவனம் குதிரைக்குத் தீவனம் ஆகாது. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையாப் படிங்க.

கோ-4 மாதிரி கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லுல ஆக்சலேட் உண்டு. அது புல்லுல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வச்சுக்கும். மாட்டோட முதல் வயிறு அதை ஓரளவு உடைச்சுடும், குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. மாசக்கணக்கா அதையே போட்டா உடம்பு எலும்புல இருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். முகத்து எலும்பு ரெண்டு பக்கமும் உப்பி, நடை தடுமாறும். கூடவே கோதுமைத் தவிடும் தினம் அள்ளிப்போட்டா இன்னும் மோசம், ஏன்னா தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம். மாட்டுக்குப் பாசமா வைக்கிற ரெண்டும் குதிரையோட எலும்பைத் தின்னுடும்.

உங்க பக்கத்துல பச்சைச் சோளத்தட்டு கிடைக்கும். அதை முழுத்தீவனமா வைக்காதீங்க. குதிரைக்கு மூத்திரப்பை கெட்டு, பின்னங்கால் ஆட ஆரம்பிக்கும், அப்படி ஆனா பெரும்பாலும் திரும்பாது.

கலப்புத் தீவனத்துலயும் ஒரு ஆபத்து இருக்கு. மாட்டுத் தீவனத்துலயும் கோழித் தீவனத்துலயும் சில சமயம் மோனென்சின்னு ஒரு மருந்து கலந்திருப்பாங்க. மாட்டுக்கும் கோழிக்கும் அது ஒத்துக்கும். குதிரையோட இதயத்தை அது கொன்னுடும், மாற்று மருந்து கிடையாது. மாட்டோட சேர்த்தே பார்த்துக்க முடியுமான்னு கேட்டீங்க இல்லையா, அதுக்கு இதுதான் பதில்.

அப்போ எதைத்தான் போடுறது? அருகம்புல்லு, மேய்ச்சல்ல கிடைக்கிற பலவகைப் புல்லு, நல்லாக் காய்ஞ்ச பூஞ்சணம் இல்லாத புல்லு. கூட ஒரு கைப்பிடி குதிரைமசால் (லூசர்ன்னு சொல்ற தீவனப் பயிர்). பேரிலேயே குதிரை இருக்கு, சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனா சின்னக் குதிரைக்கு அதையே வயிறாரப் போட்டா கொழுத்துடும். கணக்கு என்னன்னா, உடம்பு எடையில நூத்துக்கு ஒண்ணரை முதல் ரெண்டு பங்கு காஞ்ச தீவனம். 100 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு ஒண்ணரை முதல் ரெண்டு கிலோ காஞ்ச புல்லு. பச்சைப் புல்லா இருந்தா எட்டுப் பத்து கிலோ. கறவை மாடு தின்னுறதைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது ரொம்பக் குறைச்சலாத் தெரியும். அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க.

தோப்பு வேலி ஓரத்துல அரளி இருக்கான்னு பாருங்க. பூசைக்கு வச்சிருப்பீங்க. ஒரு கைப்பிடி இலை போதும், சின்னக் குதிரை தப்பாது. காய்ஞ்ச இலையும் விசம்தான்.

#4 ஜட்கா பேரன் (பழனி)

எல்லாரும் பயமுறுத்துறாப்ல இருக்கே. எங்க தாத்தா பழனி அடிவாரத்துல ஜட்கா ஓட்டினவர். நாலு குதிரை வச்சிருந்தார். கொள்ளும் புல்லும்தான், வேற எதுவும் வாங்கினதில்ல. டாக்டர் வீட்டு வாசலை மிதிச்சதும் இல்ல. காலையில கொள்ளு ஊறவச்சு அவிச்சு, துணியில வடிகட்டி, கை பொறுக்குற சூட்டுல ஊட்டுவார். நானும் சின்ன வயசுல அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கேன். கொள்ளு தின்ன குதிரைக்கு நோவு வராதுன்னு சொல்லுவார். பாப்பா ஆசைப்படுது, வாங்கிக் குடுங்க. குதிரையோட வளர்ற பிள்ளைக்குத் தைரியம் வரும். அதைக் காசு குடுத்து வாங்க முடியாது.

#5 கோபிக்காரன்

பழனிக்காரருக்கு வணக்கமுங்க. தாத்தா சொன்னது பொய்யில்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தக் குதிரை அடிவாரத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் ஆளை ஏத்திக்கிட்டு நாள் பூரா ஓடுச்சு. தின்ன கொள்ளு சாயங்காலத்துக்குள்ள வேர்வையாப் போயிடும். குளம்பு ரோட்டுல தானாத் தேயும். நம்ம குதிரை என்ன பண்ணுது? மரத்தடியில நிக்குது. அதே கொள்ளை அதுக்குப் போட்டா எங்க போகும்?

எங்க செவலைக்கு நானே பண்ணின தப்பு இது. முதல் வருசம் தினம் ரெண்டு படி கொள்ளு வச்சேன். பார்க்க உருண்டு திரண்டு அழகா இருந்துச்சு, வர்றவங்க எல்லாம் கண்ணு வச்சாங்க. ஒரு நாள் காலையில பார்த்தா, முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி, பின்னங்காலை வயித்துக்கு அடியில வச்சு, நாற்காலியில உக்காரப் போற மாதிரி நிக்குது. அடி எடுத்து வைக்க மாட்டேங்குது. குளம்பைத் தொட்டா இட்லிச் சட்டி மாதிரி சூடு. லேமினைட்டிஸ்னு டாக்டர் சொன்னார், குளம்புக்கும் உள்ள இருக்கிற எலும்புக்கும் நடுவுல இருக்கிற சதை வீங்கிப் பிரியுறது. பிழைச்சுக்கிச்சு. ஆனா ஒம்பது மாசம் ஆச்சு நேரா நடக்க. இப்பவும் பச்சைப் புல்லு தளதளன்னு வர்ற மழைக்காலத்துல அரை நாள் மூக்குக்கூடை போட்டுத்தான் மேய விடுறேன்.

இப்ப கொள்ளு ஒரு கைப்பிடி. அதுவும் வண்டியில பூட்டுற நாள் மட்டும்.

#6 டெக்சாஸ் தமிழச்சி (ஆஸ்டின் பக்கம்)

இந்த இழையை முழுசாப் படிச்சேன். நான் இங்க 8 வருசமா அசல் மினியேச்சர் ரெண்டு வச்சிருக்கேன். இங்க மினியேச்சர்னா வாய்வார்த்தை இல்ல. 1978-ல ஆரம்பிச்ச அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தோட பதிவுச் சீட்டு வேணும்னா, பிடரியோட கடைசி மயிர் இருக்கிற இடத்துல அளந்தா 34 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது, அதாவது ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். அப்பா அம்மா யாருன்னு சீட்டுல இருக்கும். அந்தச் சீட்டு இல்லாம "மினியேச்சர்"னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல.

தோப்புக்காரர் அண்ணா, நீங்க கவனிக்காத ஒரு விசயம் சொல்றேன். பாப்பா 28 கிலோ. 90, 100 கிலோ எடையுள்ள மினி அதிகபட்சம் 15, 20 கிலோதான் சுமக்கும், அதுவும் எலும்பு முத்தின பிறகு, நாலு வயசுக்கு அப்புறம். அசல் மினியேச்சரே கிடைச்சாலும் உங்க பாப்பா அது மேல ஏற முடியாது. குட்டி வளர்ந்து முத்துறதுக்குள்ள பாப்பாவுக்கு 13 வயசு. இதை இப்பவே அவகிட்ட சொல்லிடுங்க. வாங்கின பிறகு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேதனை.

ஏற முடியாட்டி என்ன பண்றதுன்னு கேட்பா. கூட நடக்கலாம். தாண்டப் பழக்கலாம். சின்ன வண்டி இழுக்கப் பழக்கலாம், சமதரையில இழுக்கிற வலு சுமக்கிற வலுவை விட அதுக்கு ரொம்ப அதிகம். இங்க கண் தெரியாதவங்களுக்கு வழிகாட்டக்கூட இதைப் பழக்குறாங்க. 2011 மார்ச்சுல இருந்து இங்கத்த மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிகள்ல நாய்க்கு அடுத்து மினியேச்சர் குதிரைக்கும் தனியா இடம் இருக்கு. நாயை விட ரெண்டு மடங்கு காலம் வாழுங்கிறது அதுக்கு ஒரு காரணம். 25 வருசம் சாதாரணம், 30-ஐத் தாண்டினதும் உண்டு.

சின்ன உடம்புக்குன்னே சில நோவு இருக்கு. குட்டித் தாடையில பல்லு நெருக்கி முளைக்கும், அதனால வருசம் ஒருக்கா வாயைத் திறந்து பார்த்தே ஆகணும். இன்னொண்ணு, பட்டினி. என் பெட்டைக்குப் போன வருசம் லேசா ஜுரம், ரெண்டு நாள் சாப்பிடல. குண்டா இருக்கே, ரெண்டு நாள் பட்டினி நல்லதுன்னு நினைச்சேன். மூணாவது நாள் டாக்டர் ரத்தம் எடுத்து ட்யூபை வெளிச்சத்துல காட்டினாங்க. சிவப்புக்கு மேல தெளிஞ்சு நிக்க வேண்டிய நீர், தெளிவாவே இல்ல. பால் ஊத்தின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. பட்டினி கிடந்ததால உடம்புக் கொழுப்பு மொத்தமா ரத்தத்துக்கு வந்துடுச்சாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கல்லீரல் போயிருக்கும்னாங்க. நாலு நாள் ஆஸ்பத்திரி, 3,800 டாலர். சாதாரண மாசத்துல ரெண்டுக்கும் சேர்த்து 250 டாலர் ஆகும். மினி கொழுத்தாலும் ஆபத்து, அதை இளைக்க வைக்கப் பட்டினி போட்டாலும் ஆபத்து. நடுவுல ஒரு சின்னப் பாதைதான் இருக்கு, அதுல தினம் நடக்கணும்.

#7 தோப்புக்காரர்

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. தங்கச்சி சொன்ன எடைக் கணக்கைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பாப்பாகிட்ட இன்னும் சொல்லல.

கேள்வி ரெண்டு. தோப்பைச் சுத்தி முள்கம்பி வேலி போட்டிருக்கேன், அது போதுமா? கயித்துல கட்டி மேய்க்கலாமா? இன்னொண்ணு, 25 வருசம்னா, கடைசியில என்ன பண்றது? மாட்டை வித்துடுவோம். குதிரையை?

#8 நத்தம் பண்ணை (திண்டுக்கல்)

நான் இங்க எழுதுறதில்ல, படிக்கிறதோட சரி. முள்கம்பின்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

எங்ககிட்ட வெள்ளச்சின்னு ஒரு மட்டக்குதிரை இருந்துச்சு. நாலு வருசத்துக்கு முன்னாடி முள்கம்பியில முழங்காலுக்குக் கீழ ஒரு கீறல். சுண்டுவிரல் நீளம் இருக்கும். மஞ்சள் வச்சேன், ரெண்டு நாள்ல காய்ஞ்சிடுச்சு. மறந்தே போயிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு, சாயங்காலம் தண்ணி காட்டப் போனேன். காது ரெண்டும் அசையாம நட்டுக்கிட்டு நிக்குது. வாலு கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கு. கூப்பிட்டா முழு உடம்பையும் சேர்த்துத்தான் திருப்புது, மரக்குதிரை மாதிரி. தகரக் கதவு படார்னு சாத்துச்சு. அந்தச் சத்தத்துக்கு அவ கண்ணுக்கு உள்மூலையில இருந்து ஒரு வெள்ளைத் தோல் சடக்குன்னு கண்ணை மூடி விலகிச்சு. அதை நான் இன்னும் மறக்கல.

ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். மருந்துக்கு அன்னிக்கு ராத்திரியே அலைஞ்சேன். எங்க ஊர்ல எங்கயும் கையிருப்பு இல்ல. வெளியூர்ல இருந்து வர ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ள வாய் பூட்டிக்கிச்சு, தண்ணி முன்னாடி நின்னுக்கிட்டே குடிக்க முடியாம நின்னா. அஞ்சாம் நாள் போயிட்டா.

தடுப்பூசி போட்டிருந்தா இது நடந்திருக்காது. அந்த ஊசி விலை ஒரு வேளை டிபன் செலவுதான். எனக்கு யாரும் சொல்லல, நானும் கேட்கல. நீங்க கேட்டீங்க, அதுக்காகத்தான் எழுதினேன்.

#9 மாட்டு டாக்டரம்மா

நத்தம் அண்ணா, எழுதினதுக்கு நன்றி. கையில பார்த்தவங்க சொன்னாத்தான் மனசுல நிக்கும்.

வீட்டு விலங்குகள்ல ரண ஜன்னிக்கு ரொம்பச் சீக்கிரம் ஆளாகிறது குதிரைதான். நாலு வார இடைவெளியில ரெண்டு ஊசி, பிறகு வருசம் ஒண்ணு. வெறிநாய்க்கடி தடுப்பூசியும் வருசா வருசம். தெருநாய் வர்ற தோப்புன்னா இது கட்டாயம். சின்னக் குதிரையை நாய்க்கூட்டம் துரத்திப் பிடிச்சுடும், பெரிய குதிரை மாதிரி உதைச்சுத் தள்ள அதால முடியாது. அதனால ராத்திரி அடைக்கிற கொட்டகை கட்டாயம் வேணும், நாய் நுழையாத கதவோட.

மழைக்காலத்துல பெரிய கடி ஈ மூலமா சர்ரான்னு ஒரு ரத்த நோய் பரவும். விட்டு விட்டு ஜுரம், வயித்துக்கு அடியில நீர் கோர்த்த வீக்கம், தின்னாலும் இளைச்சுக்கிட்டே போறது. சும்மா சத்துக் குறைவுன்னு விட்டுடாதீங்க. அப்புறம் கிளாண்டர்ஸ். இது மனுசனுக்கும் தொத்தும், தடுப்பூசி கிடையாது. 2009-ம் வருசத்து விலங்கு நோய்த் தடுப்புச் சட்டத்துல இருக்கிற நோய், உறுதியானா குதிரையைக் கருணைக்கொலை பண்றதைத் தவிர வழியில்ல. சந்தையில வாங்குறவங்க ரத்தப் பரிசோதனை பண்ணாம வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். மாதிரியை மாவட்டத்துல எடுத்து அனுப்பினா, ஹிசார்ல இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரைக்கும் போய்ப் பரிசோதிக்க வசதி இருக்கு.

இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. குதிரையால வாந்தி எடுக்க முடியாது. அதனால வயித்துவலி வந்தா அது உயிர்ப் பிரச்சனை. தரையைக் கிளறுறது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்றது, சாணி போடாம இருக்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க. வாய்க்குள்ள எண்ணெய், கசாயம் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். 1962-க்குக் கூப்பிடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடியே உங்க பக்கத்து மருத்துவர்கிட்ட போய், குதிரை பார்த்த அனுபவம் இருக்கான்னு நேரா கேளுங்க. எங்கள்ல பலருக்கு மாடு, ஆடுதான் தினசரிப் பழக்கம். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, கேட்டாத்தான் தெரியும்.

#10 கோபிக்காரன்

வேலிக்கு நான் சொல்றேங்க. முள்கம்பியைக் குதிரை இருக்கிற பக்கம் எடுத்துடுங்க. எங்க தாத்தன் காலத்துக் கிளுவை வேலி இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, அதுல இதுவரைக்கும் ஒரு பெரிய காயம் பட்டதில்ல. மிச்சத்துக்கு மூங்கில், சவுக்கு கட்டியிருக்கேன். கீழ்க் கட்டை தரையில இருந்து ஒரு ஜாணுக்கு மேல போகக் கூடாது, சின்னக் குதிரை அதுல நுழைஞ்சிடும். கயித்துல கட்டி மேய்க்காதீங்க. மாடு சுத்திக்கிட்டா நிக்கும். குதிரை பதறி இழுக்கும், எலும்பு தெரியுற வரைக்கும் கயிறு அறுத்துடும். தோப்புல காய் விழுற மரத்தடியில கொட்டகை போட வேண்டாம். மோட்டார் வயர், மூடாத தொட்டி, கிணத்து மேடு எல்லாத்தையும் ஒரு நாள் மண்டி போட்டு அதோட உயரத்துல இருந்து பாருங்க.

கடைசியைப் பத்திக் கேட்டீங்க. இந்தக் கேள்வியை வாங்குறதுக்கு முன்னாடி கேட்ட முதல் ஆள் நீங்கதான். எங்க கரும்பி போன தையில செத்துப்போச்சு, 26 வயசு இருக்கும். பல்லு எல்லாம் தேஞ்சு கடைசி ரெண்டு வருசம் ஊறவச்ச புல்லும் கஞ்சியும்தான். என் பொஞ்சாதி குழந்தைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டினா. ஜேசிபி வச்சு ஆளுயரத்துக்கு மேல குழி எடுத்து, கிணத்துல இருந்து தள்ளி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுப் புதைச்சோம். அதுக்கு 4,000 ஆச்சு. செவலை மூணு நாள் அந்த மேட்டுக்கிட்டயே நின்னுச்சு. அதைத் தனியா விட மனசில்லாம அடுத்த மாசமே ஒரு கிழட்டு மட்டத்தைக் கூட்டிட்டு வந்தேன்.

விக்கிறதைப் பத்திச் சொல்லணும்னா, ஊட்டி டவுனுக்குப் போனவங்களுக்குத் தெரியும். ரோட்டுல குப்பைத்தொட்டியில பிளாஸ்டிக்கோட மேஞ்சுக்கிட்டு நிக்கிற குதிரைங்க வானத்துல இருந்து விழலை. சவாரிக்கு ஆகாதுன்னு யாரோ அவுத்து விட்டதுதான். உங்க பாப்பா காலேஜுக்குப் போவா, கல்யாணமாகிப் போவா. அப்பவும் அது உங்க தோப்புலதான் நிக்கும். அன்னிக்கு யாரு புல்லு போடுவாங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க. பாப்பாவுக்காக வாங்காதீங்க, உங்களுக்காக வாங்குங்க. எனக்குத் தெரிஞ்சு குதிரை நிலைச்ச வீடெல்லாம் அப்படித்தான்.

ஒண்ணு பண்ணுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பாப்பாவை இங்க கூட்டிட்டு வாங்க. ரெண்டரை மணி நேரம்தான்.

#11 ஜட்கா பேரன்

கோபிக்காரர் சொன்னதை எங்க அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவர் சொன்னது: தாத்தாவோட குதிரை ஒண்ணு குளம்பு அழுகிச் செத்துச்சாம், இன்னொண்ணு ஒரே ராத்திரியில வயிறு உப்பிப் போச்சாம். அது எனக்குத் தெரியாது. தாத்தா அதைப் பத்திப் பேசினதே இல்ல. டாக்டர் வரலைங்கிறதாலே நோவு வரலைன்னு நான் நினைச்சுக்கிட்டது தப்புதான். தைரியத்தைப் பத்திச் சொன்னதை மட்டும் மாத்திக்க மாட்டேன்.

#12 தோப்புக்காரர்

நாலு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணுமுங்க.

அந்தக் குட்டியை மூணாவது நாளே வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் போன் பண்ணினப்ப வியாபாரி சொன்னார். பாப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. எடைக் கணக்கை மறுநாள் அவகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நான் ஏறாட்டி அது சந்தோசமா இருக்குமாப்பா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

புரட்டாசியில இருந்து மாசம் ரெண்டு ஞாயிறு கோபி அண்ணன் தோட்டத்துக்குப் போயிட்டு வர்றோம். முதல் நாள் சாணி அள்ளவிட்டார், மூக்கைப் பொத்துவான்னு நினைச்சேன், பொத்தல. இப்ப குளம்பைத் தூக்கிக் கல்லு எடுக்கிறா. போன தடவை செவலையோட முன்னங்கால்ல, குளம்புக்கு மேல பின்பக்கம் ரெண்டு விரலை வச்சு கண்ணை மூடிக்கிட்டு நின்னா. என்ன பண்றேன்னு கேட்டேன். "நாடி பார்க்கிறேன், பலமா அடிச்சா குளம்புக்குள்ள நோவு வருதுன்னு அர்த்தம், இன்னிக்கு மெதுவாத்தான் அடிக்குது"ன்னா. நானும் வச்சுப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. அவ என் விரலைப் பிடிச்சு ஒரு நூல் தள்ளி வச்சா. அப்பத்தான் தெரிஞ்சுது.

நாங்க இன்னும் வாங்கல. அரளி ரெண்டு வரிசையையும் வேரோட எடுத்தாச்சு, அம்மிணிதான் முன்னாடி நின்னு எடுத்தாங்க. கிழக்குப் பக்கம் முள்கம்பியைக் கழட்டிட்டு கிளுவைப் போத்து நட்டிருக்கேன், துளிர் விட்டிருக்கு. மாசம் 8,000 தனியா ஒரு கணக்குல போட்டுக்கிட்டு வர்றேன், குதிரை இருக்கிற மாதிரியே. ஒரு வருசம் தவறாமப் போட முடியுதான்னு பார்க்கிறேன். முடிஞ்சா, பல்லு விழுந்து முளைச்ச, வயசான ஜோடி எங்காவது இடம் தேடிக்கிட்டு இருந்தா சொல்லுங்க. குட்டி வேண்டாம்.

#13 மாட்டு டாக்டரம்மா

கிளுவை துளிர்த்தது கேட்க சந்தோசம். உங்க பக்கத்து மருத்துவர்கிட்ட பேசினீங்களா?

#14 தோப்புக்காரர்

பேசிட்டேன் டாக்டர். குதிரை அதிகம் பார்த்ததில்லைன்னு நேராவே சொன்னார். கோபி அண்ணன் வீட்டுக்கு ஒரு தடவை எங்களோட வர்றேன்னிருக்கார்.

#15 கோபிக்காரன்

லாடக்காரர் வர்ற ஞாயிறு காலையில ஏழு மணிக்கு வர்றாருங்க. டாக்டரையும் அன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. பாப்பாவைப் பழைய துணி போட்டுட்டு வரச் சொல்லுங்க, இந்தத் தடவை அரம் அவ கையில குடுக்கிறேன்.